நீலத் தூசி

என் வீட்டில் தூசி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலில் சொன்னவள் என் மகள், அதுவும் அமெரிக்காவில் இருந்துகொண்டு.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தென்னந்தோப்பை ஒட்டி, அவள் ஓர் அறை கட்டி வைத்துவிட்டுப் போனாள். உள்ளே தொலைநோக்கி, மேலே சக்கரம் வைத்த தகரக் கூரை. பம்புசெட் அறை என்று நினைத்துத் தண்ணீர் கேட்டு வந்தவர்களும் உண்டு. இருட்டியதும் அவள் போனில் கூப்பிடுவாள். அவளுக்கு அது காலைக் காப்பி நேரம். நான் கூரையைத் தள்ளி, தொலைநோக்கிக் குழாயின் மூடியைக் கழற்றுவேன். மற்றதை அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வாள். கூரைக்கும் மோட்டார் வைக்கிறேன் என்றாள். என் கை நன்றாகத்தான் இருக்கிறது என்றுவிட்டேன். மோட்டார் வந்தால் அப்புறம் போன் எதற்கு வரும்?

புறப்படும்போது ஒன்று சொன்னாள்: "கண்ணாடிய மட்டும் தொட்டறாதீங்கம்மா. அதுல ஏதாச்சும்னா நானேதான் வந்து பாக்கோணும்."

மார்கழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படம் பிடித்தோம். பிடித்தோம் என்றுதான் சொல்வேன். பல நாள் எடுத்ததை ஒன்றாக்கி எனக்கு அனுப்பினாள். வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளி. படத்தில் அவற்றைச் சுற்றி நீலமாக என்னவோ.

"இதென்ன கண்ணு, பொகையாட்ட?"

"தூசிங்கம்மா." அதற்குள் அங்கே யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் பழைய வேட்டித் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த பிறகுதான் அவள் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. முதலில் பயம். அப்புறம், அப்படியென்றால் வருவாளே என்று தோன்றியது. பரணில் கிடந்த அவளுடைய மெத்தையை இறக்கி, வெயிலில் காய வைத்து, கட்டிலில் விரித்தேன்.

இருட்டியதும் போன் வந்தது.

"கண்ணாடியத் தொடச்சுப்போட்டேன் சாமி."

"ஐயோ, ஏனுங்கம்மா?"

"நீதான தூசின்ன."

சிரித்து ஓய அவளுக்கு நேரமாயிற்று. "அது வானத்துத் தூசிங்கம்மா. அதுக்குச் சொந்த வெளிச்சமில்ல. பக்கத்து நட்சத்திரத்து வெளிச்சம் பட்டுத்தான் நீலமாத் தெரியுது."

"பக்கத்துலயே இருக்கோணுமா?"

"இருந்தாத்தானுங்க."

மூடியைக் கழற்றச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். நான் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் ஆகலீங்கம்மா. முன்னைய விட நல்லாவே தெரியுது. நான் வர வேண்டியதில்ல."

மெத்தையைச் சுருட்டி மறுபடி பரணில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்திருக்கலாம்.