இடப்பக்கம் சுற்றிக் கேட்ட உயிர்

2006 ஆவணியில் என் கணவருக்காக ஓர் இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நிமோனியா. ஒன்பதாம் நாள் டொக்டர் வெளியே வந்து, "மருந்து கொடுத்தபடிதான் இருக்கிறோம், இனி அவருடைய உடம்புதான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். வீடு திரும்பும்போது மெத்ரோ ரயிலில் எல்லோரும் பார்க்க அழுதேன். வெட்கமே வரவில்லை.

சகோதரிகளே, நான் கடவுளைத் தேடி இந்த ஆட்ட வட்டத்துக்கு வந்தவள் இல்லை. இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று வந்தவள்! இங்கே கனடாவில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் செலியா என்ற பிரேசில்காரி நடனம் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டு, என் கணவர் படுக்கையில் விழுமுன்பே போகத் தொடங்கினேன். மூன்று மேளம், வெறுங்கால். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்ட சனம் கைவிடாமல் காத்த தெய்வங்களின் ஆட்டம் அது என்று பிறகுதான் விளங்கியது.

செலியா ஆஸ்பத்திரிக்கே வந்தார். "ஞாயிறு ஒமோலுவின் விழா. நோயும் அவர் கையில், சுகமும் அவர் கையில். வந்து ஆடு" என்று பிரெஞ்சில் சொன்னார்.

போனேன். வகுப்பில் வரிசையாகத்தான் ஆடுவோம், விழாவில் வட்டம். பழக்கதோஷத்தில் கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகப் புறப்பட்டேன். எதிரே வந்தவர்கள் என்மேல் மோதினார்கள். எல்லோரும் இடப்பக்கமாகச் சுற்றுகிறார்கள்! அதற்குள் ஒருவர் கூடையோடு வந்து எங்கள் தலையில் சோளப்பொரியை வீசினார். நம்மிடம் பிணத்தைத்தானே இடமாகச் சுற்றுவார்கள்? பாடைக்குத்தானே பொரி எறிவார்கள்?

"ஐயோ, இது செத்தவீடெல்லோ! என்ர மனுசன் இன்னும் சாகேல்லை!" என்று கத்திவிட்டேன். மேளம் நின்றது.

செலியா கோபிக்கவில்லை. நான் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் சொன்னதைக் கேட்டு என் கையைப் பிடித்தார். "பொரி ஒமோலுவின் பூ. அவருடைய புண்கள் ஆறிப் பூத்த பூ. இப்படி இடமாக, காலத்தில் பின்னோக்கிச் சுற்றித்தான் நாங்கள் முன்னோரிடம் போய்க் கேட்போம். நீயும் வந்து கேள்."

இடமாக ஆடினால் என் மனுசன் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். ஆடாமல் போனால் அவருக்காக நான் என்ன செய்தவள்? "அப்பனே, நீர் ஆரெண்டாலும் சரி, அவரைத் தந்திடும்" என்று இடப்பக்கமாக அடி எடுத்து வைத்தேன். பிற்பகல் முழுக்க அழுதழுது ஆடினேன். பாதம் வெடித்தது. அப்படி ஓர் ஆட்டம் என் வாழ்க்கையில் ஆடியதில்லை, பெருமையாகவே சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. வெள்ளிக்கிழமை குழாயைக் கழற்றினார்கள். டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் கோடி கும்பிடு. ஆனால் அந்தச் சுகத்தை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

குரல் வந்ததும் அவர் கேட்டது, "இஞ்சேரும், உம்மட காலில என்ன கட்டு?"

"ஆடினனான். உங்களைத் தரச்சொல்லி ஆடினனான்."

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அன்றுதான் அவர் அழுததைப் பார்த்தேன்.

இப்போது வட்டத்தில் முன்னுக்கு ஆடுகிறவள் நான். "பிரேசில் சாமியாடி" என்று தெரிந்தவர்கள் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்! பயமாக இருந்தால் பயத்தோடேயே வாருங்கள், சகோதரிகளே. வருகிற ஞாயிறு மண்டப வாசலில் ஒருவர் உங்கள் சப்பாத்துகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருப்பார். அவர்தான் என் மனுசன்.