சுருள் ஈ வராத வீடு

தொண்ணூறுகளின் நடுவில் சிட்லபாக்கத்துக் கொய்யா மரங்களில் சுருள் வெள்ளை ஈ வந்து உட்கார்ந்தது. இலையைத் திருப்பினால் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு. எங்கிருந்தோ கடல் தாண்டி வந்த பூச்சி என்றார்கள். காலனியே அதைத் திட்டித் தீர்த்தது. நான் மட்டும் இன்றுவரை திட்டியதில்லை.

அப்போது தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். அதே கல்லூரியில் விலங்கியல் படித்த ஒருத்தியின் வீடு எங்கள் காலனியில்தான், ஏரிக்கரையை ஒட்டிய கடைசித் தெரு. அந்த ஈதான் அவளுடைய பிராஜெக்ட். எண்ணுவது அவள், சமன்பாடு போடுவது நான். சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போவோம். அவள் உள்ளே போய் இலைகளைத் திருப்பிப் பார்ப்பாள். ஈ வந்திருந்தால், அந்தக் கிளையில் எத்தனையாவது வாரம் என்று எழுதிய சின்ன அட்டையைக் கட்டுவாள். நான் நோட்டும் கையுமாக கேட்டுக்கு வெளியே நிற்பேன். கல்யாணமாகாத பையன் கண்ட வீட்டுக்குள் நுழைவது எங்கள் காலனியில் வழக்கமில்லை.

கணக்கு எளிமையானது. ஒரு வாரத்தில் புதிதாக எத்தனை மரங்களுக்குப் பரவும் என்பது, ஏற்கெனவே ஈ பிடித்த மரங்கள் எத்தனை, தப்பித்தவை எத்தனை என்பதைப் பொறுத்தது. முதலில் மெதுவாகப் போகும், நடுவில் ஓட்டம் பிடிக்கும், மிச்ச மரங்கள் குறையக் குறையச் சோர்ந்துவிடும். கடைசி மரத்துக்கும் வந்துவிட்டால் எண்ணும் வேலை முடிந்தது. அதுதான் என் கவலை. அவளிடம் சொல்ல எனக்கு வேறு விஷயம் இருந்தது, வாய்தான் வரவில்லை. வேகம் கொஞ்சம் குறையாதா என்று கணக்கோடு மல்லுக்கட்டினேன். ஈ எனக்காகக் காத்திருக்குமா?

எட்டாவது வாரம் ஏரிக்கரைத் தெருவுக்கு வரும் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடியே வந்தது. தெரு முழுக்க வெள்ளை, அவள் வீட்டைத் தவிர.

“கணக்கு சார், எங்க வீடு ஜீரோ!” என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

ஒன்பதாவது வாரமும் ஜீரோ. பத்து, பதினொன்று, அப்போதும் ஜீரோ.

“ரெண்டு பக்கத்து வீட்லயும் இருக்கு. நடுவுல மட்டும் எப்படிங்க?”

“அத நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஒரு மரம் பாக்கி இருக்கிற வரைக்கும் எண்ணித்தானே ஆகணும்?”

நான் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஏரிக்காற்றின் திசையைப் பற்றி அவளிடம் பேசிப் பேசி மாய்ந்தேன். பதினான்காவது வாரம் பிராஜெக்ட் கொடுக்கும் கெடு வந்தது. ‘ஒரு மரம் விதிவிலக்கு, காரணம் தெரியவில்லை’ என்று எழுதி நீட்டினேன். அந்த வரியை இரண்டு முறை படித்தாள். நோட்டை மூடினாள்.

பரீட்சை முடிந்ததும் அவள் அப்பாவுக்கு வடக்கே மாற்றல் வந்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். வீட்டில் ‘டு லெட்’ போர்டு தொங்கியது. முதல்முறையாக அந்த கேட்டைத் திறந்து உள்ளே போய் ஓர் இலையைத் திருப்பினேன். வெள்ளை. உள்பக்கத்துக் கிளை ஒன்றில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அவள் கையெழுத்தில், ‘வாரம் 8’.

கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவளை ஒரு தடவை பார்க்க மாட்டோமா என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. பொய் சொல்லி எனக்காக ஆறு சனிக்கிழமைகளைப் பிடித்துவைத்திருந்தாள். நானோ ஆறையும் காற்றைப் பற்றிப் பேசியே தீர்த்தேன்.