அதிகாரி குடித்த தண்ணீர்

மீமிசலுக்குத் தெற்கே, கடலோரம் எங்கள் ஊர். கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். பெண்கள் விடியுமுன் எழுந்துபோய் மணல்மேட்டில் குழி பறித்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

பிளாக் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், ஊர்க்குறை கேட்டு ஒரே ஒரு வேலை செய்து தருவார் என்று சேதி வந்தது. அவ்வளவுதான், ஊர் மூன்றாகப் பிரிந்தது. கடைக்காரர்களுக்கு ரோடு வேண்டும், வயல்காரர்களுக்குக் கண்மாய் மடை, படகுக்காரர்களுக்குக் கருவாடு காயப்போடக் களம். அவரவர் வலியை ஊர்வலி என்றார்கள். அழகாகத்தான் சொன்னார்கள்.

"ரோடு இல்லாத ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார் மளிகைக் கடைக்காரர். எங்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன்; மூத்தவரான அவர் எல்லோருக்கும் காக்கா.

"வர்ற பொண்ணுக்குச் சோறு வேணாமா காக்கா? மடையப் பாருங்க," என்றார் ஒரு வயல்காரர்.

நான் தண்ணீரைச் சொன்னேன். பக்கத்திலிருந்த படகுக்காரர் சிரித்தார்.

"அது பொம்பளைக சோலி மாப்ளே. காலங்காலமா எடுக்குறாளுகதானே. அது எப்படி ஊர்க்குறையாகும்?"

தண்ணீர் சுமக்கிற ஒருத்திகூட அந்தக் கூட்டத்தில் இல்லை.

விருந்தாளிக்கென்று எங்கள் வீடுகளில் ஒரு பானை தனியே இருக்கும். மேட்டு ஊற்றில் நன்றாகத் தெளிந்த பிறகு மொண்ட தண்ணீர் அது. மறுவாரம் வந்த அதிகாரிக்கும் அதிலிருந்துதான் ஒரு செம்பு கொடுத்தார்கள். குடிதண்ணீர்க் கஷ்டத்தை நான் சொல்லச் சொல்ல அவர் குடித்து முடித்தார்.

"எளநி மாதிரியில்ல இருக்கு. இதையா குறைங்கிறீங்க?"

"எங்க ஊர்த் தண்ணிக்கு ஈடு ஏதுங்கய்யா," என்றார் காக்கா. பெருமையும் சௌகரியமும் கைகோத்துக்கொண்டால் எதிரே நின்று என்ன பேசுவது? ரோடு என்று முடிவானது.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி காலிக் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"உப்புத் தண்ணியக் குடுத்திருக்கணும்ங்க."

"வீடு தேடி வந்தவருக்கு எப்படிக் குடுக்கிறது?"

"அதானே," என்றாள்.

மறுநாள் குடத்தை நான் எடுத்துக்கொண்டேன். மணலில் கால் புதையத் திரும்பி வந்தபோது படகுக்காரர் எதிரே வந்தார்.

"என்ன மாப்ளே, ஒனக்கா நெறமாசம்?"

குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டேன். ஒதுங்கி வழிவிட்டுவிட்டு நடந்தேன்.