இடுப்பளவு தண்ணீர் வரும்வரை

எங்கள் ஊருக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் ஒரு தகரப்பெட்டிக்குள் அடங்கியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. பழவேற்காட்டில் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தவர்களே நாலைந்து பேர்தான் இருந்திருப்பார்கள். என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை, மதராஸில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்காக அட்டைகளில் துளை போடும் வேலையை இரண்டு வருடம் பார்த்தவள். பிறகு எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினாள். வரும்போது அந்த அலுவலகம் கழித்துப் போட்ட அட்டைகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். ஒரு மழைக்காலத்துக்கு அடுப்புப் பற்றவைக்க ஆயிற்று என்று அம்மா மகிழ்ந்தாள்.

சித்தி அவற்றை நான்காம் வகுப்புக்கு எடுத்துப் போனாள். நானும் அந்த வகுப்புதான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கைத்தொழிலுக்கு உரியது. கைத்தொழிலுக்கு ஒரு சாமானும் பள்ளியில் இல்லாததால் அது சும்மா கிடந்தது. அந்த நேரத்தில் அவள் எங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். மெஷின் இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. எங்களில் ஒரு பிள்ளை மெஷின். மற்றவர்கள் அட்டையின் பின்பக்கம் கட்டளை எழுத வேண்டும், ஓர் அட்டைக்கு ஒரு வேலை. மெஷின் அட்டையில் உள்ளதை மட்டும் செய்யும். ஏன் என்று கேட்காது, தானாக ஒன்றைச் சேர்க்காது. மெஷின் தவறினால் மெஷினுக்கு ஒரு மார்க் குறையும். அட்டை தவறாக இருந்தால் எழுதினவனுக்குக் குறையும்.

மெஷினாக இருப்பதில் அஞ்சலையை மிஞ்ச ஆள் இல்லை. கோட்டைக்குப்பத்துப் பெண். அவளுடைய அம்மா ஏரித்தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் ஆள் அஞ்சலைதான். முதல் வாரம் நான், ‘கூஜாவை எடு’, ‘டம்ளருக்கு நேராகச் சாய்’ என்று இரண்டு அட்டைகள் எழுதினேன். அவள் சாய்த்தாள். டம்ளர் நிரம்பியது, மேசை மேல் இருந்த வருகைப் பதிவேடு நனைந்தது, தண்ணீர் வழிந்து வாசலில் நின்ற தலைமையாசிரியரின் செருப்பு வரை போனது.

“ஏய், போதும், நிறுத்துடி!” என்று கத்தினேன்.

“நிறுத்துன்னு அட்டைல எங்கடா கீது?” என்றாள் அஞ்சலை, கூஜாவை நிமிர்த்தாமல்.

“தப்பு யாரு மேல?” என்று சித்தி கேட்க, வகுப்பே ஒரே குரலில், “எழுதுனவன் மேல!” என்று கூவியது.

அன்று சித்தி எங்களுக்கு ‘வரை’ என்பதைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கச் சொன்னால் எதுவரை என்றும் சொல்ல வேண்டும். அந்த எல்லை வந்தே தீருவதாக இருக்க வேண்டும். வராத எல்லையைக் கொடுத்தால் மெஷின் பாவம், நிற்க வழியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பாடத்தை வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவன் நான்தான்.

சித்தியின் பழைய அதிகாரி ஒரு சலுகை தந்திருந்தார். ஒரே ஒரு பிள்ளையை அழைத்துவரலாம். அது மெஷின் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று நிஜ மெஷினைப் பார்க்கலாம். கோடை விடுமுறைக்குள் யாருக்கு மார்க் அதிகமோ அந்தப் பிள்ளைக்கு மதராஸ் என்று சித்தி சொல்லிவிட்டாள். “போனா அந்த மெஷினாண்டயே கேப்பேன், உனக்கு யாரும்மா மார்க் போடறதுன்னு” என்று அஞ்சலை எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள். விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவள் என்னைவிட ஒரு மார்க் முன்னால் இருந்தாள். அவள் ஒருமுறை தவறினால் இருவரும் சமம். சமமாகிவிட்டால் சித்தி அக்காள் மகனைத்தானே கூட்டிப்போவாள்?

அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், பள்ளிக்குப் பின்னால் ஏரிக்கரையில் அவளிடம் மூன்று அட்டைகளைக் கொடுத்தேன். ‘ஏரியில் இறங்கு.’ ‘தண்ணீர் இடுப்புக்கு வரும்வரை நேராக நட.’ ‘திரும்பி வா.’

சித்திரை மாதம். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் ஏரி வற்றி, எவ்வளவு தூரம் போனாலும் முழங்காலைத் தாண்டாது. எங்கள் பக்கத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். கொஞ்ச தூரம் போய் அலுத்துத் திரும்புவாள், ஒரு மார்க் போய்விடும் என்று நினைத்தேன்.

“டீச்சர் குடுத்தாங்களா?”

“ஆமா. கடைசி டெஸ்ட். யாராண்டயும் சொல்லக்கூடாதாம்.”

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் கரையில் நின்று பார்த்தேன். திரும்புவாள் என்று நினைத்த இடத்தில் திரும்பவில்லை. அதற்கடுத்த இடத்திலும் இல்லை. அவள் ஒரு நாரையின் அளவுக்குச் சிறுத்தபோது மணி அடித்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், காற்று என் முதுகிலிருந்துதான் வீசியது. நான் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன்.

“அஞ்சலை எங்கடா?” என்று சித்தி கேட்டாள்.

“வயித்து வலின்னு வீட்டுக்குப் போய்ட்டா, டீச்சர்.”

பள்ளி விட்ட பிறகு கரையில் கூட்டம் கூடிய சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம். ஒரு படகுக்காரர் அஞ்சலையைத் தோளில் போட்டு இறக்கினார். கால்கள் சிப்பியில் கிழிந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. தண்ணீரில் ஊன்றியிருந்த ஒரு வலைக்கழியைக் கட்டிப்பிடித்து அவள் நின்றிருந்தாளாம்.

“ஓடையாண்ட நின்னுனு கீது. வான்னு கூப்ட்டா, இன்னும் இடுப்புக்கு வரலன்னுது. இன்னும் பத்து அடி போயிருந்தா ஓடைதான். இடுப்பு இன்னா, தலையே தெரிஞ்சிருக்காது” என்றார் அவர்.

படகுகள் போகும் அந்த ஆழமான ஓடை ஏரிக்கு நடுவில் இருந்தது. நான் அதை நினைக்கவே இல்லை.

அஞ்சலையின் அம்மா ஈரச் சேலையோடு ஓடிவந்தார். மகளின் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். “யாருடி உன்ன அங்க போகச் சொன்னது?”

அஞ்சலை அழுதுகொண்டே ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அட்டைகளை எடுத்தாள். வலியில் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். “டெஸ்ட்டுமா. நான் ஒண்ணும் தப்பு பண்ல. ஓடை வந்தா இடுப்புக்கு வரும்னு எனக்குத் தெரியும். இந்த அண்ணன்தான் நடுவுல தூக்கினு வந்துட்டாரு. டீச்சர், எனக்கு மார்க் போயிடுமா?”

படிக்கத் தெரிந்தவர் என்று அட்டைகள் சித்தியின் கைக்கு வந்தன. என் கையெழுத்தைத் தினமும் திருத்துகிறவள் அவள். மூன்றையும் படித்தாள். கூட்டத்தில் என்னைத் தேடி ஒருமுறை பார்த்தாள்.

“நான்தான் எழுதிக் குடுத்தேன். என் தப்பு” என்றாள்.

பிறகு ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான் கூட்டத்தோடு வந்திருந்த என் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“படிக்கத்தான டீச்சர் அனுப்பிச்சேன்?” என்றார் அஞ்சலையின் அம்மா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். “எங்க புள்ளைங்கன்னா உங்களுக்கு அவ்ளோதானா?”



தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்தினார். மதராஸ் பயணமும் நின்றது. அட்டைகளை அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டாள். சித்தி என்னிடம் எதையும் கேட்கவில்லை, யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். எனக்கு உண்டான நஷ்டம் மதராஸ் மட்டும்தான் என்று நினைத்து அதற்காக ஒரு நாள் அழவும் செய்தேன்.

திங்கட்கிழமை அஞ்சலை வரவில்லை. பள்ளிக்கு அவள் மறுபடி வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து அவளைத் தண்ணீரில் பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியபடி, பிடித்த இறாலைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாயில் பறி இருந்ததால் அவளால் பேச முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

பிற்காலத்தில் நான் நிறையப் படித்தேன், பலருக்குப் பாடமும் எடுத்தேன். நான் அன்று எழுதியதற்கு அவள் ஒரு முடிவைக் கண்டுபிடித்து, அதை நோக்கித்தான் நடந்தாள் என்பது மெல்ல மெல்ல விளங்கியது. இன்னொன்று அதைவிடத் தாமதமாக விளங்கியது. அன்று நான் வாய் திறந்திருந்தால் அது இரண்டு பிள்ளைகளின் சண்டையாகப் போயிருக்கும். அஞ்சலையின் அம்மா என் காதைத் திருகியிருப்பார். அப்பா பெல்ட்டை எடுத்திருப்பார். திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருந்திருப்பாள். டீச்சரே பிள்ளையைத் தண்ணீரில் இறக்கினாள் என்றால் எந்தத் தாய் மறுபடி அனுப்புவாள்?

சித்திக்கு அது தெரியாமலிருந்திருக்காது. அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஒன்பது வயதில் நம்பினேன். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அவள் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றது வெட்கத்தால் என்றும் நினைத்தேன். ‘இல்லை சித்தி, நான்தான் எழுதினேன்’ என்று என் குரல் பின்னாலிருந்து வரும் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.