கிழக்குப் பக்க மைதானம்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தனகோடிக்குத் தெரியாது. ஒன்பதாவது படிக்கும் மகள் பூர்ணிமா கணக்கில் மார்க் குறைந்ததைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஆம்பூர் முடிகிற இடத்தில் இருந்தது அந்த அரசு மேல்நிலைப் பள்ளி. பெற்றோர்கள் நிறையப் பேர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். "ரூல் பிரகாரம் மாணவரோட அம்மா ஒருத்தர்தான் தலைவரா வரணும்" என்றார் தலைமையாசிரியர் இன்பராஜ். தாய்மார்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தனகோடி மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்களே இருக்கட்டும் சார்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று புரியாமல் தனகோடியும் தட்டினாள்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. பிறந்தது குடியாத்தத்தில், லுங்கி நெய்யும் வீட்டில். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானவள் மறுபடி எழுதவில்லை. கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தபின் கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைக்கிறாள், பதினோரு வருடமாக. தலைவியான பிறகு முதல் மூன்று கூட்டங்களில் அவள் வாயே திறக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், கொடுத்த டீயைக் குடித்தாள்.

நான்காவது கூட்டத்தில்தான் சிக்கல் வந்தது. நான்கு வகுப்பறைகள் கொண்ட புதுக் கட்டடம் பள்ளிக்கு அனுமதியாகியிருந்தது. அளந்து பார்த்த இன்ஜினியர், கிழக்குப் பக்க மைதானத்தில்தான் கட்ட முடியும் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் ஓடுவதும் நீளம் தாண்டுவதும் அங்கேதான். பூர்ணிமாவும் அங்கேதான் தாண்டுவாள். குழுவில் பாதிப் பேர் கட்டடம் என்றார்கள், பாதிப் பேர் கிரவுண்டு என்றார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று கலைந்தார்கள்.

மறுநாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் உடற்கல்வி ஆசிரியை அக்தர் பானு காத்திருந்தாள்.

"அக்கா, மேற்கால ஒரு பழைய கட்டடம் பாழடைஞ்சு கெடக்குதில்ல, அத்த இடிச்சுட்டு அங்க கட்டலாமே. நம்ம பொண்ணுங்க இந்த கிரவுண்டுல ஓடித்தான் ரெண்டு பேரு மாநிலப் போட்டிக்குப் போயிருக்காங்க. நீங்க வேணாம்னு சொன்னா நிறுத்திடுவாங்க."

நியாயமாகத்தான் இருந்தது. "சொல்றேன் டீச்சர்" என்றாள் தனகோடி.

அன்று சாயங்காலம் இன்பராஜ் போன் செய்தார். "அந்தப் பழைய கட்டடத்த இடிக்கிறதுக்கு பர்மிஷன் வாங்கவே ஒரு வருஷம் ஆயிடும்மா. அதுக்குள்ள இந்தப் புதுக் கட்டடம் வேற ஸ்கூலுக்குப் போய்டும். பிளஸ் ஒன் பசங்க வராண்டாவுல உட்கார்ந்திருக்காங்க. மழை பெஞ்சா பாடமே கெடையாது."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. "சரி சார்" என்றாள். போனை வைத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பள்ளிக்குப் போனாள். இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று காலடியால் அளந்தாள். முதல் தடவை நூற்றிரண்டு அடி வந்தது. திரும்பி வரும்போது தொண்ணூற்றாறுதான். மூன்றாம் தடவை நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது. எவ்வளவு இருந்தால் போதும் என்பதே தெரியாமல் அளந்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் நினைத்தாள். வெட்கமாக இருந்தது. வாட்ச்மேன் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் பூர்ணிமா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னாடி வேணும், கட்டடமா, கிரவுண்டா?"

"கட்டடம்."

தனகோடி திகைத்துப்போனாள். "நீ தாண்டுறது அங்கதானே?"

"எங்க கிளாஸ்ல எழுபது பேரும்மா. கடைசி பெஞ்சுல இருந்து போர்டே தெரியாது. ஸ்போர்ட்ஸ்ல சேந்தா வெளிய போலாம்னுதான் சேந்தேன்." சட்டையை உதறி மடித்தாள். "இப்போ தாண்டுறதும் புடிச்சுப்போச்சு. அத்தயும் எடுத்துட்டா பேஜாரா இருக்கும்."

"அப்போ இன்னா சொல்ற நீ?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நீதான தலைவி."

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தனகோடி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எது சரின்னு தெரியல சார். ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் படுது. ஆனா மழைக்காலம் வருது. அந்தப் பசங்க நனையக் கூடாது. கட்டடம் வரட்டும். டீச்சருக்கு வேற எடம் காட்டணும்னு அதே பேப்பர்ல எழுதுங்க, அப்போதான் கையெழுத்துப் போடுவேன்."

எழுதினார்கள். போட்டாள். அக்தர் பானு அவள் பக்கம் திரும்பாமலே எழுந்து போனாள்.

கட்டடம் வர ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் மழைக்காலமும் வந்து போய்விட்டது, பிள்ளைகள் நனையத்தான் செய்தார்கள். வேறு இடம் என்று காட்டியது காம்பவுண்டு சுவரை ஒட்டிய ஒரு துண்டு நிலம். நீளம் தாண்ட ஓடி வருவதற்கு அது போதவில்லை. பூர்ணிமாவை உயரம் தாண்டுதலுக்கு மாற்றினாள் அக்தர் பானு. அந்த வருடம் குறுவட்டப் போட்டியில் பூர்ணிமாவுக்கு நான்காவது இடம். நீளம் தாண்டியிருந்தால் முதலாவதாக வந்திருப்பாளா என்று தனகோடிக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் வரவில்லை. பத்தாவதுக்குப் போனதும் புது அறையில் இரண்டாவது பெஞ்சில் இடம் கிடைத்தது. கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிப் பாஸானாள். அது பெஞ்சால் வந்ததா, புதிதாகச் சேர்த்துவிட்ட டியூஷனால் வந்ததா என்பதும் தெரியவில்லை.

ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அக்தர் பானு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அக்கா, உயரம் தாண்டுறதுக்கு மெத்தை கேட்டு லெட்டர் எழுதியிருக்கேன். தலைவி கையெழுத்து வேணும்."

தனகோடி லெட்டரை வாங்கி முழுசாகப் படித்தாள். படித்ததும் கேட்டாள்: "டீச்சர், அன்னிக்கு நான் தப்பா முடிவு பண்ணிட்டேனா?"

"எனக்கு அப்போ கோவம் ஜாஸ்தியா இருந்துச்சுக்கா" என்றாள் அக்தர் பானு. "இப்போ எனக்கும் தெரியல."

பஸ் வருவதற்குள் தனகோடி லெட்டரைக் கைப்பையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.