புகையில்லாத தணல்

மாலை நாலே காலுக்குத் தலை இடிக்கிறது என்றாள் என் மகள். அவளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று கிழமை. நெல்லியடியில் கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முழுக வார்த்து, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டி, புகை அடங்கிய பின் சிரட்டைத் தணல் சட்டியைக் குளிருக்காகக் கட்டிலடியில் விட்டிருந்தேன். பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாதென்று சன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கும் செருகியிருந்தேன். "என்னை வாட்டிக் கருவாடாக்கப் போறியளே அம்மா?" என்று சிரித்தாள். குழந்தைக்குப் புகை ஆகாதென்று அதை மட்டும் முன்பே முன்னறைக்குத் தூக்கி வந்துவிட்டேன். புகை போய்விட்டால் தணலில் கெடுதி இல்லை என்பது எங்கள் வீடுகளின் நம்பிக்கை.

மல்லிக் கோப்பி கொடுத்துப் படுக்கச் சொன்னேன். மறுபடி போய் எழுப்பியபோது அவள் எழும்பவில்லை. கன்னங்கள் சிவந்திருந்தன. பேற்றுக்குப் பிறகு வெளிறியிருந்த முகத்தில் இப்போதுதான் இரத்தம் ஊறுகிறது என்று நினைத்தேன். அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, கொரோனாக் காலத்தில் வாங்கிய, இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவியை அவள் விரலில் கவ்வவிட்டேன். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருந்தேன். எனக்கும் தலை சுற்றியது. பயத்தினால் என்று நினைத்தேன்.

அம்புலன்சில் வந்த பெண் முதலில் சன்னல்களைத் தள்ளித் திறந்தாள். "உந்தச் சட்டியை வெளியிலை எடுங்கோ அன்ரி. உந்த நம்பரை நம்பாதேங்கோ" என்றபடி மகளின் முகத்தில் ஒட்சிசன் மூடியைப் பொருத்தினாள்.

உயர்தரப் பரீட்சைக்கு மகள் படித்த நாட்களில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவள் நான்தான். இழுக்கும் மூச்சு நுரையீரலின் சிற்றறைகள் வரை போகும். அவற்றின் மெல்லிய சுவரைத் தாண்டி ஒட்சிசன் இரத்தத்தில் சேரும், காபனீரொட்சைட்டு வெளியே வரும் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். மூடிய அறையில் தணல் விடும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதுவும் அதே சுவரைத் தாண்டிப் போய், செங்குருதிக் கலத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இலேசில் இறங்காது. இரத்தம் சிவப்பாகவே இருக்கும். விரலைக் கவ்வும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. நுரையீரல் பிழை செய்யவில்லை. கொடுத்த காற்றை எடுத்துக்கொண்டது. இன்றும் அவள் உறங்கும்போது அறை வாசலில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது மழைக்கும் சன்னல் சாத்துவதில்லை.

அம்புலன்சில் கொண்டுபோன மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்துவிட்டாள் என்றார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கொழும்பிலிருந்து மருமகன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"'இது ஆரின்ரை பிள்ளை, நல்ல வடிவாயிருக்கு' எண்டு என்னட்டைக் கேக்கிறா, மாமி."