சாக மறுத்த புள்ளி

காலடிப்பேட்டை லுப்னாவுக்குக் கிருமிகளிடம் பேசும் பழக்கம் உண்டு. ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் குடுவையைத் தூக்கிப் பார்த்து, "இன்னா, வேலை செய்ய மனசு கீதா இன்னைக்கு?" என்பாள். கூட வேலை பார்க்கும் வால்டருக்குச் சிரிப்பு தாங்காது. அவனுக்குக் கிருமி ஒரு இயந்திரம். மரபணுவை மாற்றிவிட்டால் சொன்னதைச் செய்தே தீர வேண்டும். உயிரை அதட்டி வேலை வாங்க முடியாது, கேட்டுத்தான் பார்க்கலாம் என்பது லுப்னாவின் கட்சி.

எண்ணூர் ஆற்றில் படிந்த எண்ணெயைத் தின்பதற்கென்று அவள் ஒரு கிருமியை மாற்றி அமைத்திருந்தாள். சோதனைக்குச் சேறு அள்ளித் தந்தவர் மீனவர் டில்லிபாபு. கறுத்துப்போன வலையோடு அவர் அந்தக் கிருமிக்காகக் காத்திருந்தார். ஜாடிச் சேற்றில் அது எண்ணெயை வெளுத்து வாங்கியது. ஆற்றில் விடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. ஆய்வகத்தில் ஊட்டும் ஒரு சத்து கிடைக்காவிட்டால் அது செத்துவிட வேண்டும். கண்ட இடத்தில் பெருகிவிடக் கூடாதென்று அவளே அதற்குள் வைத்த கட்டளை அது.

அந்தச் சத்தில்லாத கண்ணாடித் தட்டில் எல்லாம் செத்திருந்தன. ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி உயிரோடு இருந்தது.

கோடியில் ஒன்றுதானே, விட்டுத்தள்ளு என்றான் வால்டர். அவளுக்கும் ஆசைதான், டில்லிபாபுவின் வலை கண்முன் வந்து நின்றது. ஆனால் ஆற்றில் விட்டால் அந்த ஒன்று கோடியாகும். புள்ளியின் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. செத்துப்போ என்றால் எந்த உயிர்தான் கேட்கும்? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காமல் உத்தரவு போட்டிருந்தாள்.

ஒரு குடுவை விடாமல் பெரிய குக்கர் போன்ற, கிருமி கொல்லும் கொதிகலனில் அடுக்கினாள். மூடியைத் திருகும்போது அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஆற்றங்கரைக்குப் போய் டில்லிபாபுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"நீ வளத்ததுதானம்மா. நீ சொன்னா கேக்காதா?"

"பெத்ததே கேக்க மாட்டேங்குதுண்ணா."

"இப்ப எங்க கீது அது?"

"நானே கொன்னுட்டேன்."

அவர் எழுந்து படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்.

"சேறு எவ்ளோ வோணும்?" என்றார்.